சைக்கிள், றோட்டு, பொலிஸ்: நீங்கள் கேட்டதுகளும் என்ர பதில்களும்

நான் சட்டத்தரணி. யாழ்ப்பாணத்தில கோட்டுக்குப் போறதும் வாறதும் சைக்கிளிலதான். சைக்கிள் ஓடுறவைக்குச் சட்டத்தில ஏதும் கேக்க இருந்தால் எழுதுங்கோ எண்டு சொன்னதுக்கு நான் நினைச்சதை விடக் கனக்க வந்திட்டுது. வந்த ஒழுங்கிலயே எழுதுறன். ஏற்கெனவே வழக்கு நடக்கிற ஆக்கள் தயவுசெய்து உங்கட சட்டத்தரணியிட்டயே கேளுங்கோ.

கொக்குவிலில இருந்து: அக்கா, கே.கே.எஸ். றோட்டில காலமை வேலைக்குப் போகேக்க ஒரு மோட்டச்சைக்கிள் இடிச்சு விழுத்திப்போட்டுது. பெடியன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு 3000 ரூபா தந்தவன். வாங்கிக்கொண்டு வந்திட்டன். இப்ப முழங்கால் வீங்கி, கால் ஊண்டேலாமல் கிடக்கு. இனி ஏதும் செய்யேலுமோ?

ஏலும். முதல்ல இண்டைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கோ. "விழுந்திட்டன்" எண்டு சொல்லாமல், "வாகனம் இடிச்சது" எண்டு சொல்லுங்கோ. அந்த ஒரு சொல்லில கனக்க விசயம் தங்கியிருக்கு. வாகன விபத்து எண்டு பதிஞ்சால்தான் வைத்தியசாலைப் பொலிசுக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் அது போகும். காயத்தைப் பற்றின அவற்ற அறிக்கைதான் பிறகு உங்களுக்குச் சாட்சி.

அதுக்குப் பிறகு சம்பவம் நடந்த இடத்துப் பொலிசில முறைப்பாடு. பிந்திப் போனதுக்குக் காரணம் கேப்பினம். நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ, காசு வாங்கினதையும் மறைக்காதேங்கோ. கையில காசு தந்ததால அந்தப் பெடியன்ர பொறுப்பு முடியிறேல்லை. விபத்து நடந்தால் நிக்க வேணும், காயப்பட்ட ஆளுக்கு உதவ வேணும், பொலிசுக்கு அறிவிக்க வேணும். இது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்குப் போட்ட கடமை. ஆனா "இனி எனக்கு ஒரு கோரிக்கையும் இல்லை" எண்டு ஏதும் துண்டில கையெழுத்து வச்சிருந்தால் கதை வேற. அந்தத் துண்டு கோட்டில உங்களுக்கு எதிராத்தான் வாசிக்கப்படும்.

சனத்துக்குத் தெரியாத விசயம் ஒண்டு: இந்த நாட்டில எந்த மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த மூன்றாம் தரப்பு வேற ஆருமில்லை, சைக்கிளில போன நீங்கள்தான். பெடியனிட்டக் காசு இல்லாட்டிலும் காப்புறுதிக் கொம்பனி இருக்கு. நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்த நாளில இருந்து 2 வருஷத்துக்குள்ள போட வேணும், பிந்தினால் காலாவதி.

எல்லாருக்கும் சொல்லுறன்: றோட்டில நிண்டு காசு வாங்கி முடிக்காதேங்கோ. உள்காயம் அந்த நேரம் நோகாது. வாகன இலக்கத்தைப் படம் எடுங்கோ. நாலு இலக்கம் மட்டும் காணாது, முன்னால இருக்கிற எழுத்தும் வேணும்.

திருநெல்வேலியில இருந்து: சைக்கிளுக்கு லைசன்ஸ் எடுக்க வேணுமோ?

ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. பழைய ஆக்கள் "சைக்கிள் லைசன்ஸ்" எண்டு சொல்லுறது உள்ளூராட்சி சபைக்குக் கட்டுற வருஷ வரியை. பிரதேச சபைகளின்ர வாகன, விலங்கு வரி அட்டவணையில அது இப்பவும் கிடக்கு: வியாபாரத்துக்குப் பாவிக்கிற சைக்கிளுக்கு 18 ரூபா, மற்றதுக்கு 4 ரூபா. அறவிடுகினமோ எண்டதை உங்கட சபையில கேளுங்கோ. பிரேம் நம்பரையும் வாங்கின பில்லையும் படம் எடுத்து வையுங்கோ. களவு போனால் அதுதான் உதவும்.

சுன்னாகத்தில இருந்து: வான் ஒண்டு தட்டிப்போட்டு நிக்காமல் போட்டுது. பொலிசில என்ர வாக்குமூலத்தைச் சிங்களத்தில எழுதிப்போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னவை. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பயத்தில வச்சிட்டன். அது சரியோ?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவா எழுத வேணும், ஏனெண்டால் என்னட்ட வாற சைக்கிள் வழக்குகளில ஆக்கள் தோக்கிற இடம் இதுதான்.

அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில நிர்வாக மொழி தமிழ். 24ஆம் உறுப்புரையின்படி இஞ்ச நீதிமன்ற மொழியும் தமிழ். ஆகவே தமிழில முறைப்பாடு பதியச் சொல்லிக் கேக்கிறது ஆரிட்டயும் தயவு கேக்கிற விசயமில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இன்னொண்டும் சொல்லுது: வாய்மொழியாச் சொன்னதை எழுதினால், அதைச் சொன்ன ஆளுக்கு வாசிச்சுக் காட்ட வேணும். வாசிச்சுக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் "வாசிச்சு, தமிழில விளங்கப்படுத்துங்கோ" எண்டு கேளுங்கோ. குரலை உயர்த்தத் தேவையில்லை. கேட்டுப்போட்டு இருங்கோ.

தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தர் அந்த நேரம் இல்லையெண்டு சொன்னால், வீட்டில இருந்தே முறைப்பாட்டைத் தமிழில எழுதி ரெண்டு பிரதி கொண்டு போங்கோ. திகதி, நேரம், இடம், வாகன இலக்கம், எந்தப் பக்கத்தால நீங்கள் போனது, வாகனம் எந்தப் பக்கத்தால வந்தது. ஒண்டைக் குடுத்திட்டு மற்றதில திகதி முத்திரை வாங்குங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதுங்கோ. இலக்கம் தராட்டி முறைப்பாடு பதிஞ்சதா நினைச்சு வீட்டை வராதேங்கோ.

உங்கட விசயத்தில, திரும்பப் போய் "முதல் வாக்குமூலம் எனக்கு விளங்கேல்லை, மேலதிக வாக்குமூலம் தரப்போறன்" எண்டு சொல்லலாம். மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகம் இருக்கு, தேசிய பொலிஸ் ஆணைக்குழு இருக்கு. மொழிக்கெண்டே 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால அமைச்ச அரசகரும மொழிகள் ஆணைக்குழுவும் இருக்கு. விளங்காத மொழியில எழுதினதில கையெழுத்து வைக்காதேங்கோ. இதை இன்னும் எழுதுவன்.

கம்பஸ் பிள்ளை ஒராள்: அக்கா, பின்னேரம் ஒழுங்கையால போகேக்க மோட்டச்சைக்கிளில ரெண்டு பேர் பக்கத்தில ஒட்டி வந்து கூடாத கதை கதைக்கிறாங்கள். ஒருக்கா ஹாண்டிலைப் பிடிச்சும் இழுத்தவங்கள். தொடேல்லைத்தானே, பொலிஸ் எடுக்காது எண்டு ஃபிரண்ட்ஸ் சொல்லுகினம்.

எடுக்க வேணும், தங்கச்சி. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சொல்லாலயோ செய்கையாலயோ பாலியல் தொந்தரவு குடுத்தாலே குற்றம். உடம்பில கை வைக்க வேணுமெண்டில்லை. 5 வருஷம் வரைக்கும் சிறை குடுக்கலாம். ஓடுற சைக்கிளின்ர ஹாண்டிலை இழுக்கிறது அதை விடப் பாரதூரம், விழுத்திக் கொல்லக்கூடிய வேலை.

வாகன இலக்கம், நேரம், ஒழுங்கையின்ர பேர். இந்த மூண்டையும் நடந்த உடன ஃபோனில குரலாப் பதிஞ்சு வையுங்கோ. பொலிஸ் நிலையத்தில சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கோ, பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கோ. தனியப் போகாதேங்கோ. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வீட்டில சொன்னால் சைக்கிளை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு பயப்பிடுறது எனக்கு விளங்குது. அம்மாவோட நான் கதைக்க வேணுமெண்டால் தனியா எழுதுங்கோ, கதைக்கிறன்.

கோண்டாவிலில இருந்து: லைசன்ஸ் இல்லாமல் சைக்கிள் ஓடினால் பிடிப்பினமோ?

மேல எழுதியிருக்கிறன்.

மானிப்பாயில இருந்து, இளைப்பாறின கணித ஆசிரியர்: பிள்ளை, நான் இருபத்தஞ்சு வருஷமா வலப்பக்கத்தாலதான் சைக்கிள் ஓடுறன். முன்னால வாற வாகனம் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கலாம். இடப்பக்கத்தால போனால் முதுகுக்குப் பின்னால வாற டிப்பர் தெரியாது. சட்டம் இடப்பக்கம் எண்டால் சட்டம்தான் பிழை.

மாஸ்டர், உங்கட பயம் நியாயமானது. அது எனக்கும் இருக்கு. ஆனா முடிவு பிழை. எதிர்ப்பக்கம் பாத்துப் போறது நடக்கிற ஆளுக்கு. சைக்கிள் வாகனம், இடப்பக்கத்தாலதான் போக வேணும். சட்டத்தை விடுங்கோ, உங்கட பாடத்துக்கே வாறன். நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றர், பஸ் 50. ஒரே திசையில போனால் பஸ் உங்களை நெருங்கிற வேகம் 35. எதிரா வந்தால் 65. ஒதுங்கக் கிடைக்கிற நேரம் கிட்டத்தட்டப் பாதியாக் குறையுது. இடிபட்டால் அடியும் அதுக்கேத்த மாதிரி.

மாஸ்டர் திரும்பவும்: கணக்குச் சரி. ஆனா கண்டு ஒதுங்கிற ஆளுக்கும் காணாமல் செத்த ஆளுக்கும் வித்தியாசம் இல்லையோ?

வான் ஓடுற ஒருத்தர், மானிப்பாய்: மாஸ்டர், நான் ஒழுங்கையால வந்து இடப்பக்கம் திருப்பேக்க வலப்பக்கம்தான் பாப்பன். வாகனம் அங்காலதான் வரும். இடக்கைப் பக்கத்தால ஒரு சைக்கிள் வரும் எண்டு நான் நினைக்கவே மாட்டன். ஒருக்கா மயிரிழையில தப்பினது.

இதைத்தான் நான் அடுத்ததா எழுத இருந்தனான். கொக்குவில், கோண்டாவில் பக்கம் எத்தினை ஒழுங்கை, எவ்வளவு உயர மதில். மதில் முடியிற இடத்தில ஓட்டுநர் வலப்பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு முன்சில்லை வெளியில விடுறார். நீங்கள் அவற்ற இடப்பக்கத்தால வாறியள். உங்கட கண் நல்லாத் தெரிஞ்சும் பிரயோசனமில்லை, அவர் உங்களைக் காணேல்லை.

ஒரு தாய், நல்லூர்: என்ர மகள் றோட்டுக் கடக்கப் பயத்தில பள்ளிக்கூடத்துக்கு நூறு யார் வரைக்கும் எதிர்ப்பக்கத்தாலதான் போறவள். அதுவும் கூடாதோ?

அந்த நூறு யாருக்கு இறங்கி, உருட்டிக்கொண்டு, நடக்கிற ஆளாப் போகச் சொல்லுங்கோ.

மாஸ்டர்: தொண்ணூறுகளில இந்த ஊர் முழுக்கச் சைக்கிள்தான். ஆர் பக்கம் பாத்தது? ஒருத்தரும் சாகேல்லை.

மாஸ்டர், அந்தக் காலம் எனக்கும் தெரியும். பெற்றோல் வரவிடேல்லை. கிடைச்ச மண்ணெண்ணையில ஓடின கொஞ்ச வாகனம்தான் றோட்டில. ஒரு குடும்பத்தையே சைக்கிள்தான் சுமந்தது. 1995 ஒக்ரோபர் இடம்பெயர்விலயும் சனம் சாமான் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனது அதைத்தான். அப்ப றோட்டு சைக்கிளின்ர றோட்டு. எந்தப் பக்கத்தால போனாலும் எதிர வாறது இன்னொரு சைக்கிள். அந்தப் பழக்கத்தைத்தான் நாங்கள் காப்பெற் போட்ட அகல றோட்டுக்கும் கொண்டு வந்திருக்கிறம். இப்ப எதிர வாறது மினிபஸ். உங்கட அனுபவம் பொய்யில்லை. அது வேற றோட்டில வந்த அனுபவம்.

இன்னொண்டு, வழக்கெண்டு வந்தால் கோடு உங்கட கவனக்குறைவின்ர பங்கைக் கழிச்சுத்தான் நட்டஈடு தரும். எதிர்ப்பக்கத்தால போய் அடிபட்ட ஆளுக்காக வாதாடுறது எவ்வளவு கஷ்டம் எண்டு எனக்குத் தெரியும். பின்னால பாக்க வேணுமெண்டால் ஹாண்டிலில ஒரு கண்ணாடி பூட்டுங்கோ. பின்னுக்குச் சிவப்பு லைற் போடுங்கோ. றோட்டின்ர விளிம்பில ஒட்டி ஓடாதேங்கோ, விளிம்பில போனால்தான் பஸ்காரன் இடமில்லாத இடத்தில நெருக்கிக்கொண்டு முந்துவான். நிக்கிற கார்களைத் தாண்டேக்க கதவு திறந்தால் படாத அளவு தள்ளிப் போங்கோ.

மாஸ்டர்: கண்ணாடி பூட்டுறன். பக்கம் மாறுறது பற்றி யோசிக்கிறன்.

யோசியுங்கோ மாஸ்டர். முடிவைக் கட்டாயம் எனக்கு எழுதுங்கோ.

இந்தக் கதையிலயே நேரம் போட்டுது. மிச்சத்துக்குச் சுருக்கமா எழுதுறன்.

அரியாலையில இருந்து: இரவு லைற் இல்லையெண்டு பொலிஸ் மறிச்சு 1000 ரூபா கையில கேட்டவர்.

இரவில லைற் இல்லாமல் ஓடினது உங்கட பிழை. முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு பூட்டுங்கோ, ஃபோன் ரோர்ச்சைக் கையில பிடிக்கிறது லைற் இல்லை. ஆனா றோட்டில கையில காசு வாங்க அவருக்கு அதிகாரமில்லை. தண்டம் எண்டால் தண்டப் பத்திரம் எழுதித் தருவினம், தபால் கந்தோரில கட்டுறது. இல்லாட்டிக் கோட்டுக்கு வரச் சொல்லுவினம். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர இலக்கம் 1954.

உரும்பிராயில இருந்து: பற்றறிச் சைக்கிளுக்குப் பதிவு தேவையில்லை எண்டு கடைக்காரர் சொல்லுறார்.

கடைக்காரர் கோட்டுக்கு வரமாட்டார். மோட்டாரால தானா ஓடக்கூடியது எண்டால் சட்டம் அதை மோட்டார் வாகனமாப் பாக்க இடமிருக்கு. அப்ப பதிவு, அனுமதிப்பத்திரம், காப்புறுதி எல்லாம் வரும். வாங்க முதல் அந்த மொடலின்ர பேரைச் சொல்லி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில எழுத்தில கேளுங்கோ.

நல்லூரடியில இருந்து: திருவிழா நேரம் காசு குடுத்து விட்ட பாதுகாப்பு நிலையத்தில சைக்கிள் காணாமல் போட்டுது. "நாங்கள் பொறுப்பில்லை" எண்டு போர்ட்டில எழுதியிருக்காம்.

காசு வாங்கித் துண்டு குடுத்துப் பொறுப்பெடுத்த ஆள் கவனமா வச்சிருக்க வேணும். போர்ட் எழுதினதால மட்டும் அந்தக் கடமை இல்லாமல் போகாது. துண்டை எறியாதேங்கோ. பொலிசில பதியுங்கோ, தொகை சின்னன் எண்டபடியால் மத்தியஸ்த சபையில பேசித் தீர்க்கலாம்.

பெயர் போடாத ஒருத்தர்: சைக்கிளுக்கு லைசன்ஸ்...

மூண்டாவது தரம். மேல ரெண்டாவது கேள்வி. தயவுசெய்து வாசிச்சுப்போட்டு எழுதுங்கோ. கால் உடைஞ்ச ஆக்களின்ர கேள்வி இதுக்குள்ள தாண்டு போகுது.

சாவகச்சேரியில இருந்து: குழியில விழுந்து கை முறிஞ்சது. ஆரிட்டக் கேக்கிறது?

கண்டி வீதி மாதிரிப் பெரிய வீதி எண்டால் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. அதுக்குக் கீழ மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள் ஒழுங்கை எண்டால் நகரசபை, பிரதேச சபை. குழியை அடைக்க முதல் படம் எடுங்கோ, பக்கத்தில சைக்கிளை வச்சு, ஆழம் தெரியிற மாதிரி.

இணுவிலில இருந்து: ரெயில் கடவையில மணி அடிக்கேக்க, ரெயின் தூரத்தில நிண்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கலாமோ?

கூடாது. நில்லுங்கோ.

வட்டுக்கோட்டையில இருந்து: நாலு வயசுப் பிள்ளையைக் கரியலில வச்சு முன்பள்ளிக்குக் கொண்டு போறன். ஏதும் கவனிக்க வேணுமோ?

குதிக்கால் கம்பிக்குள்ள போகும். பின்சில்லு ரெண்டு பக்கமும் மறைப்பு அடிச்சு, கால் வைக்கத் தட்டும் பூட்டிப்போட்டுக் கொண்டு போங்கோ. சைக்கிள் கடையில கேட்டால் செய்து தருவினம்.

சுன்னாகம் ஆள் திரும்பவும்: அக்கா, இண்டைக்குப் போனன். மேலதிக வாக்குமூலம் தமிழில எடுத்தவை. இலக்கமும் தந்தவை. இனி?

நல்லது. அந்த இலக்கம், வைத்தியசாலைத் துண்டு, மருந்து பில், வேலைக்குப் போகாத நாளுக்கு முதலாளியின்ர கடிதம், சைக்கிள் திருத்தின பில், எல்லாத்தையும் ஒரு உறைக்குள்ள போடுங்கோ. வருமானம் குறைவெண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண நிலையத்துக்குக் கொண்டு போங்கோ, அங்க காசு கட்டாமல் வழக்குப் பேசுவினம். சைக்கிளைத் திருத்த முதல் வளைஞ்ச ரிம்மையும் படம் எடுத்தனீங்களோ? இல்லாட்டி, பழைய ரிம்மைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ, வீட்டை கொண்டு வந்து வையுங்கோ.