தாத்தா வீட்டில் குடியேறலாமா?

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றதும் கும்பகோணத்தில், சாரங்கபாணி கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தாத்தா வீட்டில் மனைவியோடும் 82 வயது அம்மாவோடும் குடியேற நினைக்கிறேன். 18 அடி அகலம், 120 அடி நீளம். ஆறு ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. கூடத்துச் சுவரில் ஓதம், முன்கட்டில் ஒழுகல். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டு என்கிறார் மைத்துனர். சிமெண்டு பூசி வெள்ளையடித்தால் போதும் என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கொத்தனார் சொன்னதை எப்போதுமே கேட்க வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் தாத்தாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ரசீதுகளைத் தேடுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுடையதாகவும் இருப்பது உண்டு. கோயில் பெயரில் ஆண்டுதோறும் மனை வாடகை கட்டிய துண்டுச் சீட்டு ஒன்று கிடைத்தாலும், உங்கள் திட்டம் முழுவதும் மாறும். இந்து சமய அறநிலையச் சட்டம் 1959, பிரிவு 34-இன்படி, கோயில் நிலத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்பதும் அடமானம் வைப்பதும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது. வங்கி அந்த மனையின் மேல் கடன் தராது. இடித்துக் கட்டுவதற்கும் கோயில் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். ரசீது கிடைக்கவில்லை என்றாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கிப் பாருங்கள் (அலுவலகத்தில் 'டி.எஸ்.எல்.ஆர்.' என்று கேட்டால்தான் சட்டென்று புரியும்). அதில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கூடவே வில்லங்கச் சான்றும் எடுங்கள். அத்தைகள் இருந்தால் அவர்களுடைய பாகம் எழுதித் தீர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கைக்காசை எல்லாம் போட்டு வீட்டைப் புதுப்பித்த பிறகு பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி, இடிக்கும் யோசனை. உங்கள் வீடு தனியாக நிற்கவில்லை. அந்தத் தெருவில் வரிசை முழுவதும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி நிற்கிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். அண்டை வீட்டு விட்டத்தின் தலை உங்கள் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும், உங்களுடையது அவர்களுடைய சுவருக்குள். நடுவில் ஒரு வீட்டைப் பொக்லைன் வைத்து எடுத்தால் அடுத்த மழைக்குள் பக்கத்து வீட்டில் விரிசல் விழும், பிறகு பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. புதிதாகக் கட்ட வரைபட அனுமதி வாங்கும்போது 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் பொருந்தும். பக்கவாட்டில் இடம் விடச் சொன்னால் 18 அடியில் மிஞ்சுவது என்ன என்று மைத்துனரைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கூரையில் பாதிக்கு மேல் விழுந்துவிட்ட வீட்டுக்குத்தான் நான் இடிப்பதைப் பரிந்துரைப்பேன்.

கூரையை எப்படிச் சோதிப்பது? அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு விட்டங்கள், அவற்றின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கு மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குத்தாக நிறுத்திக் கட்டிய தளம், மேலே செங்கல் ஜல்லி, கடைசியில் தட்டோடு. இந்தக் கூரை எளிதில் சாகாது. சாகடிப்பவர்கள் நாம்தான். ஒழுகும் ஒவ்வொரு முறையும் பழையதைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, இன்னொரு வரிசை ஓடு. மூன்று தலைமுறைப் பூச்சையும் சுமந்தபடி விட்டம் வளைகிறது. போதாக்குறைக்கு நடுக்கூடத்துக்கு நேர் மேலே ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. நிரம்பினால் அது ஒரு டன்.

ஆசாரி ஒருவரை அழைத்துக்கொண்டு ஏணி போட்டு ஏறுங்கள். விட்டத்தின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சுவருக்குள் நுழையும் இடத்தில்தான் ஈரம் தங்கும். அங்கே ஒரு திருப்புளியை வைத்து அழுத்துங்கள். நல்ல தேக்கு என்றால் நுனிகூட இறங்காது. சென்ற கோடையில் ஒரு வீட்டில் அப்படி அழுத்தியபோது வெண்ணெயில் இறங்குவது போலப் பிடி வரை போனது. வெளியே இழுத்ததும் கூடவே மாவாகக் கொட்டியது. வீட்டுக்காரர் அதற்கு நேர் கீழேதான் தினமும் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். அப்படி இருந்தாலும் பதற வேண்டியதில்லை. முட்டுக்கொடுத்து, கெட்டுப்போன தலையை மட்டும் அறுத்துவிட்டு, புது மரமோ இரும்போ சேர்த்து நிறுத்தலாம். முழு விட்டத்தையும் மாற்ற வேண்டிய நிலை அபூர்வம்.

இப்போது கொத்தனாரிடம் வருவோம். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்து, ஆற்றில் நீர் ஓடத் தொடங்கியதும் உங்கள் கொல்லைக் கிணற்றில் உறை தெரியாமல் நீர் ஏறும். அதே ஈரம் சுவரிலும் ஏறும். பழைய சுண்ணாம்புச் சுவர் அதை உறிஞ்சி, காற்றில் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டு பூசினால் ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை. பூச்சுக்குப் பின்னாலேயே மேலே ஏறும். நான்கு அடி வரை பூசினால் ஐந்தாம் அடியில் உப்புப் பூக்கும். பிறகு அதற்கும் பூசுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தப் பூச்சு அப்பளம் போல உப்பிக்கொண்டு உரிந்து விழும்.

செய்ய வேண்டியது: ஏற்கெனவே சிமெண்டு பூசியிருந்தால் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசுவது. சுண்ணாம்பை நீற்றி ஊறப்போட வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைக்க வேண்டும், பூசிய பிறகும் நாள் கணக்கில் நனைக்க வேண்டும். செலவும் கூடுதல், நேரமும் கூடுதல். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் இத்தனையும் வீண். சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்க வேண்டும்.

ஆனால் ஓதத்துக்குக் காரணம் ஆறு மட்டும் இல்லை. வாசலில் நின்று படிகளை எண்ணுங்கள். உங்கள் அம்மாவைக் கேட்டால் கல்யாணமாகி வந்தபோது தெருவிலிருந்து திண்ணைக்கு எத்தனை படி ஏறினோம் என்று சொல்வார். மூன்று, நான்கு என்பார். இப்போது ஒன்று இருந்தால் அதிகம். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. வீடு அதே இடத்தில் இருக்கிறது. முற்றத்திலிருந்து ரேழிக்கு (வாசலை அடுத்த நடைவழி) அடியில் ஓடித் தெருவுக்குப் போகும் ஜலதாரை இப்போது மேட்டை நோக்கி ஓட வேண்டும். முற்றத்தில் பத்துக் குடம் தண்ணீரைக் கடகடவென்று ஊற்றிப் பாருங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் தேங்கி நின்றால், உங்கள் முதல் செலவு அந்த ஜலதாரைதான். மழைநீரைக் கொல்லைப் பக்கம் திருப்பி, சல்லிக்குழி வழியாகக் கிணற்றருகே இறக்கிவிடலாம். கழிவுநீர் அதில் கலக்கக் கூடாது. அதைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் தனியாக விடுங்கள்.

முற்றத்தைத் தகரம் போட்டு மூடிவிடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். குரங்குக்குப் பயந்து கம்பி போடலாம், மூடக் கூடாது. 120 அடி நீள வீட்டுக்கு மூக்கு அது ஒன்றுதான்.

காருக்காகத் திண்ணையை இடிப்பதும் இந்த ஊரில் தொற்றுநோயாகப் பரவுகிறது. முன்கூரையைத் தாங்குவது அந்தத் திண்ணைத் தூண்கள்தான். காரை வெளியே எங்காவது மாத வாடகைக்கு நிறுத்துங்கள். கோயில், கடைத்தெரு, காய்கறி எல்லாமே நடக்கும் தூரம். பெங்களூருவில் காருக்குள் கழித்த நேரத்தை நினைத்தால் லாபம்தான்.

அம்மாவுக்கு: கழிப்பறை கொல்லையில் இருந்தால் வேண்டவே வேண்டாம். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், அவர் படுக்கும் அறையை ஒட்டி, பிடிமானக் கம்பியோடு ஒன்று கட்டுங்கள். உயர்ந்த வாசற்படிகளுக்கு இருபுறமும் மரச்சரிவு. மரப்பட்டிக்குள் ஓடும் பழைய மின்கம்பிகளை முழுவதும் மாற்றி, நில இணைப்பும் கசிவு மின்னைத் துண்டிக்கும் ஸ்விட்சும் வையுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

எப்போது தொடங்குவது? கூரை, சுவர் வேலை எல்லாம் மாசியில் தொடங்கி, ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் முடிய வேண்டும். முடிந்தால் அதற்கு முன் ஒரு ஐப்பசி மழைக்கு வந்து ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது என்று வீடே காட்டிக்கொடுக்கும். ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். இன்னொன்று: 2028 மாசியில் மகாமகம். அதற்கு முந்தைய சில மாதங்களில் அந்தத் தெருக்களுக்குள் மணல் லாரி வருவது கடினம், கொத்தனார் கிடைப்பது அதைவிடக் கடினம். வீடு தயாராகிவிட்டால் இன்னொரு கணக்கும் இருக்கிறது: அந்த வாரம் உங்கள் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் படுக்கப் பாய் வேண்டும்.