ஒரே மாடல், வேறு வேறு நெக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வாசிக்கும் நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அதே மாடலில் இன்னொன்று வாங்க கோலாலம்பூரில் ஒரு கடைக்குப் போனேன். கையில் பிடித்ததுமே வேறு மாதிரி இருந்தது. என்னுடையதன் நெக் (கையால் பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு கட்டை) அருகே 38.4 மி.மீ. அகலம், 1ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 20.6 மி.மீ. கனம். கடையில் இருந்தது 37.8, 21.9. கடைக்காரர் "ஒரே மாடல்தான், நெக் மாறாது" என்கிறார். ஒன்று போலியாக இருக்குமோ? (செந்தூல் வாசகர்)

பதில்: இந்த எண்களை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் கை பொய் சொல்லவில்லை. 1.3 மி.மீ. கனம் கூடினால் கட்டைவிரலுக்கு உடனே தெரியும்.

நெக்கின் உருவத்தை இயந்திரம் வெட்டினாலும், கடைசித் தேய்ப்பு பல இடங்களில் மனிதக் கையால் நடக்கிறது. சற்று அழுத்தித் தேய்த்தால் பின்புறம் மெலியும். விளிம்பைக் கூடுதலாக உருட்டினால் அகலம் குறைந்தது போல் இருக்கும். அதன் மேல் பூசும் பளபளப்புப் பூச்சின் கனமும் சேர்கிறது. இவையெல்லாம் சேர்ந்து அரை மி.மீ. வரை மாறுவது எனக்கு வியப்பில்லை. 1.3 என்றால் வேறு காரணம் தேட வேண்டும். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு நெக் வடிவத்தை மட்டும் நடுவில் மாற்றியிருக்கலாம், அல்லது இரண்டும் வேறு வேறு தொழிற்சாலையில் செய்தவையாக இருக்கலாம். சீரியல் எண்களை ஒப்பிட்டு ஆண்டையும் தயாரித்த இடத்தையும் பாருங்கள்.

இது இன்றைய கதையுமல்ல. 1960களில் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் தன் நெக்குகளின் அடிப்பாகத்தில் நட் அகலத்தைக் குறிக்க ஓர் எழுத்தை முத்திரையிட்டது: ஏ என்றால் 1½ அங்குலம், பி 1⅝, சி 1¾, டி 1⅞. ஒரே மாடலில்கூட வேறு வேறு அகலம் கிடைத்தது. இந்த 'சி'யைப் பின்புற வளைவைக் குறிக்கும் 'சி' வடிவத்தோடு இன்றும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது டிஜிட்டல் காலிப்பரும் (அகலம், கனம் அளக்கும் கருவி) ஒரு துண்டுக் காகிதமும் கொண்டுபோங்கள். அகலத்தை நட்டின் மேல் அளக்காதீர்கள், அது மரத்தை விடச் சற்றுக் குறுகியோ நீட்டியோ இருக்கலாம். நட்டை ஒட்டிய ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் முகப்புப் பலகை) மரத்தில் அளக்க வேண்டும், பிறகு 12ஆம் ஃப்ரெட்டில். கனத்தை அளக்கக் கம்பிகளைத் தளர்த்தி ஒதுக்கி, ஃப்ரெட்டுகளுக்கு இடையே வெறும் மரத்தில் பிடியுங்கள். ஒன்றை ஃப்ரெட் மேலும் மற்றதை மரத்தின் மேலும் அளந்தால் சுமார் 1 மி.மீ. பொய்யான வித்தியாசம் வந்துவிடும். உங்கள் 1.3இல் இதுவும் ஒளிந்திருக்கலாம், முதலில் அதைச் சரிபாருங்கள்.

காகிதம் எதற்கு? கனம் ஒன்றாக இருந்தும் கைக்கு வேறாகத் தெரிந்தால் காரணம் 'தோள்', அதாவது பின்புறம் விளிம்பை நோக்கி வளையும் பகுதி. 1ஆம் ஃப்ரெட்டில் ஒரு விளிம்பிலிருந்து பின்புறமாகச் சுற்றி மறு விளிம்பு வரை காகிதத்தை ஒட்டிப் பிடித்து, பேனாவால் குறித்து நீளத்தைப் பாருங்கள். கனமும் அகலமும் சமமாக இருக்கையில் காகிதம் நீண்டால் தோள் பருத்தது.

முடிவெடுக்கும் முன் செட்டப்பையும், அதாவது கம்பி உயரமும் நெக் வளைவும் சரிசெய்யப்பட்டிருக்கும் விதத்தையும் பாருங்கள். 1ஆம் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7, 8ஆம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. அளவு இடைவெளி போதும். அது 0.8 என்றால் கம்பிகள் உயர்ந்து நிற்கும், கை அதைத் தடித்த நெக் என்றே உணரும். இந்த இடைவெளியைச் சரிசெய்ய நெக்கின் உள்ளே ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப விடாதீர்கள்.

0.6 மி.மீ. அகல வித்தியாசம் எனக்குப் பெரிதல்ல. நட்டில் முதல் கம்பிக்கும் கடைசிக் கம்பிக்கும் உள்ள தூரம்தான் விரலுக்கு முக்கியம்.

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஏர்கான் அறைக்கு மாற்றிய பிறகு என் பேஸின் ஃப்ரெட் முனைகள் கையைக் கீறுகின்றன. நெக் சுருங்குமா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: சுருங்கும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் வரை இருக்கும், ஏர்கான் அறையில் 50, 60க்கு இறங்கிவிடும். மரம் குறுக்கே சுருங்குகிறது, உலோகம் அப்படியே நிற்கிறது, அதனால் முனை வெளியே நீட்டுகிறது. மேப்பிள் மரத்தில் ஈரம் 3 சதவீதப் புள்ளி குறைந்தால் 42 மி.மீ. அகலத்தில் சுமார் 0.4 மி.மீ. வரை போகலாம். வளர்ச்சி வளையங்கள் முகப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி வெட்டிய மரமானால் ஏறக்குறைய அதில் பாதி. ஒரே மாடல் இரண்டு பேஸ்கள் அளவில் பிரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடனே அரத்தை எடுக்காதீர்கள். அறை அந்த நிலையிலேயே இரண்டு மூன்று வாரம் நிற்கட்டும், பக்கத்தில் சிறு ஈரமானி வையுங்கள். அதற்குப் பின்னும் கீறினால் மரத்தை மறைக்கும் டேப் ஒட்டி, மெல்லிய அரத்தால் உலோகத்தை மட்டும் சரிவாகத் தேயுங்கள். மரம் மறுபடி விரிந்தால் தேய்த்த உலோகம் திரும்பி வராது, அதனால் குறைவாகவே எடுங்கள்.

கேள்வி: தடித்த நெக்கை நானே தேய்த்து மெலிதாக்கலாமா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: வேண்டாம். உள்ளே டிரஸ் ராட் ஓடும் பள்ளத்துக்குப் பின்னால் மரம் மெல்லியது. கை ஒட்டுவதுதான் தொந்தரவு என்றால் பளபளப்பை மட்டும் எடுங்கள்: 800, பிறகு 1000 எண் உப்புத்தாள், நீளவாட்டில், லேசாக. ஸ்டீல் வூல் பயன்படுத்தினால் அதன் தூளைப் பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்) காந்தம் இழுத்துக்கொள்ளும். சமையலறைப் பச்சை ஸ்பாஞ்சின் சொரசொரப்பு பக்கம் அதைவிடப் பாதுகாப்பானது.