எழுதாமல் விட்டதை எழுதுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் அம்மா சென்ற ஐப்பசியில், 89-ஆம் வயதில் காலமானார். அப்பா மெட்ராஸ் ரெஜிமெண்டில் 20 ஆண்டுகள் பணியாற்றி ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1965, 1971 போர்கள் இரண்டையும் கண்டவர். அவர் மறைந்து 25 ஆண்டுகள் ஆகின்றன. அப்பா பணியில் இருந்த காலம் முழுவதும் அம்மா ஊரிலேயே இருந்து எங்கள் நால்வரையும் வளர்த்தார். தலைத்திவசத்துக்கு அம்மாவைப் பற்றி ஒரு சிறு நினைவு மலர் அச்சிட விரும்புகிறோம். "அப்பாவுக்காவது பதக்கங்கள் இருக்கின்றன. வீட்டிலேயே இருந்த அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது?" என்று தம்பி கேட்கிறான். என்ன எழுதலாம்?
– ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்: தங்கள் தாயாருக்கு என் அஞ்சலி. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கும் மாவட்டம் தங்களுடையது. அங்கேயே இப்படி ஒரு கேள்வி எழுகிறது என்றால் குறை தம்பியிடம் இல்லை. ராணுவம் தன் வீரருக்கு எண், பதவி, பதக்கம், பணிப் பதிவேடு எல்லாம் தருகிறது. வீட்டில் இருந்தவருக்கு என்று அது எழுதி வைப்பது மிகக் குறைவு. ஓய்வூதியத் தாள்களில் அம்மாவின் பெயர் இருக்கும். கணவனும் மனைவியுமாக எடுத்த படம் ஒன்றும் அவற்றோடு இருக்கலாம், தேடிப் பாருங்கள். பிற்காலத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுத்திருப்பார். 80 வயது நிறைந்தபோது குடும்ப ஓய்வூதியம் 20 விழுக்காடும், 85-இல் 30 விழுக்காடும் கூடியிருக்கும். அரசுத் தாள்களில் அவருடைய நெடிய வாழ்வு ஏறக்குறைய இவ்வளவுதான்.

ஆகவே தாள்களை விட்டுவிட்டுக் கடிதங்களுக்கு வாருங்கள். என் பெரியம்மாவும் மிலிட்டரிக்காரர் மனைவிதான். அவருக்கு எழுதத் தெரியாது; பத்து வயதில் நான்தான் அவருக்காக இன்லேண்டு கடிதம் எழுதுவேன். முகவரியில் ஊர்ப் பெயரே இருக்காது. பெரியப்பாவின் எண், பெயர், படைப்பிரிவு, அதன் கீழே '56 ஏ.பி.ஓ.' என்று ராணுவ அஞ்சலகத்தின் குறிப்பு மட்டும் இருக்கும். கணவர் பனியில் இருக்கிறாரா, பாலையில் இருக்கிறாரா என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. முறத்தில் அரிசி புடைத்தபடியே அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டு போவேன். கறவை மாடு செத்துப்போன மாதத்தில், "மாடு கன்றெல்லாம் நல்லா இருக்குன்னு எழுது" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "அங்க உட்கார்ந்துகிட்டு அவர் என்னடா பண்ணுவாரு? எழுது" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினார். தங்கைக்கு அம்மை போட்டிருந்தபோதும், பங்காளிகள் வரப்பை வெட்டிக்கொண்டபோதும், அந்த நீல நிறத் தாளில் எல்லோரும் நலமாகவே இருந்தோம்.

தங்கள் அம்மா எழுதாமல் மறைத்தவை எவை என்று அக்கம்பக்கத்து மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மலரின் பெரும்பகுதி அதுவாகவே இருக்கட்டும். மணியார்டர் வரத் தாமதமான மாதங்களில் யாரிடம் கைமாற்று வாங்கினார், தாலிக்கொடி எத்தனை முறை அடகுக்குப் போய் மீண்டது, நடுநிசியில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது யார் மாட்டு வண்டி பூட்டினார்கள் என்பனவற்றை அறிந்தவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். உங்கள் நால்வரின் பிறந்த மாதங்களிலிருந்து பின்னோக்கி எண்ணினால், அப்பா எந்தெந்த மாதங்களில் லீவில் வந்தார் என்பதும் தெரிந்துவிடும். களப்பகுதிக்குக் குடும்பத்தை அழைத்துப்போக இயலாது. அமைதிப் பகுதியிலும் குடியிருப்புகள் குறைவு என்பதால் சிப்பாய்கள் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, அம்மா ஊரிலேயே இருந்ததை அவருடைய விருப்பம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

1971 டிசம்பர் 3 முதல் 16 வரையிலான நாட்களுக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்த நாட்களில் தந்திச் சேவகர் தெருமுனையில் சைக்கிளை விட்டு இறங்கினாலே மிலிட்டரிக்காரர் வீடுகளில் அடுப்பு வேலை நின்றுவிடும். இதை எழுதும்போது அமெரிக்காவின் ஜூலியா மூர் நினைவுக்கு வருகிறார். 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் அவருடைய கணவர் ஹால் மூர் ஒரு படைப்பிரிவை நடத்திப் போரிட்டுக்கொண்டிருந்தார். இறந்த வீரர்களைப் பற்றிய தந்திகளை, ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங் முகாமை அடுத்த கொலம்பஸ் நகரில், வாடகைக் கார் ஓட்டுநர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஐந்து பிள்ளைகளின் தாயான ஜூலியா அந்த வீடுகளுக்குச் சென்று ஆறுதல் கூறினார். இறுதிச் சடங்குகளில் கலந்துகொண்டார். தந்தியை இப்படிக் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அதன் பின்னரே சீருடை அணிந்த அதிகாரியும் மதகுருவும் நேரில் சென்று செய்தி சொல்லும் முறை வந்தது. அவர் 2004-இல் காலமானார். 2023-இல் அந்த முகாமுக்கு மூர் தம்பதி இருவரின் நினைவாகவும் பெயர் சூட்டப்பட்டது. 2025-இல் பழைய பெயரே திரும்ப வந்துவிட்டது என்பது எனக்கு வருத்தம்தான். தந்தி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத்தான் அந்தக் கொடுமை உறைத்தது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பரம் வீர் சக்கரத்தை வடிவமைத்தவர் ஒரு ராணுவ அதிகாரியின் மனைவி என்பது உண்மையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: உண்மைதான். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டலில் 1913-இல் பிறந்த அவர், விக்ரம் கனோல்கர் என்னும் இந்திய ராணுவ அதிகாரியை 1932-இல் மணந்து சாவித்திரி கனோல்கர் ஆனார். விருத்திராசுரனை வெல்வதற்காகத் தன் முதுகெலும்பையே ததீசி முனிவர் ஈந்தார் என்ற புராணத்தை மனத்தில் கொண்டு, இந்திரனின் வஜ்ஜிராயுதத்தைப் பதக்கத்தில் நான்கு முறை பொறித்தார். அந்த விருதை முதன்முதலில் பெற்ற மேஜர் சோம்நாத் சர்மா, இவருடைய மகளின் கணவருக்கு அண்ணன். வீரமரணத்துக்குப் பின் தரப்பட்ட அந்தப் பதக்கத்தை நினைத்தபோதெல்லாம் அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன். 1952-இல் கணவரை இழந்த அவர், அதன்பின் 38 ஆண்டுகள் வாழ்ந்து 1990-இல் மறைந்தார்.

கேள்வி: அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் அம்மா அனுப்பிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. மடிப்புகளில் கிழிகின்றன. லேமினேட் செய்துவிடலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். லேமினேட் செய்த தாளைப் பிறகு சேதமின்றிப் பிரித்தெடுக்க முடியாது. செலோ டேப்பும் ஒட்டாதீர்கள்; நாளடைவில் அது மஞ்சளாகிக் கறை படியும். மெதுவாக விரித்து, வெயில் படாத வெளிச்சத்தில் இருபுறமும் படம் எடுத்துக்கொண்டு, ஈரம் புகாத இடத்தில் தட்டையாக வையுங்கள். முகவரிப் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். அம்மாக்கள் பலர் கடிதத்தில் தேதி போட்டதில்லை. அவர் அதை எந்த நாளில் அனுப்பினார் என்பதை அந்தப் பக்கத்தில் இருக்கும் அஞ்சல் முத்திரைதான் சொல்லும்.