கல்லாவில் விழுந்த பணம் அடுத்து எங்கே போகிறது?

உள்ளூர்ச் சிறுதொழில்கள் ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்கின்றன என்று கேட்டவர்களுக்கான பதில்கள்.

கேள்வி: ஐயா, சிறிய கடையில் வாங்கினாலும் பெரிய நிறுவனத்தின் கிளையில் வாங்கினாலும் நான் கொடுப்பது அதே பணம்தானே?

பதில்: அதே பணம்தான். அது அடுத்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கல்லாவில் 100 விழுந்ததாக வைத்துக்கொள்வோம். சம்பளம், வாடகை, உள்ளூர்க் கொள்முதல், உரிமையாளரின் வீட்டுச் செலவு என்று பாதி அதே வட்டாரத்தில் இறங்கினால் 50. அதைப் பெற்றவர்களும் பாதியை உள்ளூரிலேயே செலவிட்டால் 25, பிறகு 12.50. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் மொத்தம் 200 வரை வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் ஒரு பங்குதான் தங்கும் என்றால் 125ஐத் தாண்டாது. இதைப் பெருக்கி விளைவு என்பார்கள். ரிச்சர்ட் கான் என்ற பொருளியலாளர் 1931இல் வேலைவாய்ப்பை முன்வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2002இல் புத்தக, இசைக் கடைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 100 டாலர் விற்பனையில் உள்ளூர்க் கடைகளால் நகரப் பொருளாதாரத்துக்குச் சுமார் 45 டாலரும், பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் சங்கிலிக் கடையால் 13 டாலரும் கிடைத்ததாக அது மதிப்பிட்டது. எல்லாத் தொழிலுக்கும் இதே விகிதம் பொருந்தாது. ஆனால் காரணம் பொதுவானது: கிளையின் கணக்கு வழக்கு, விளம்பரம், கொள்முதல் எல்லாம் பெரும்பாலும் தலைமையகத்தில் நடக்கின்றன. லாபமும் அங்கேதான் போய்ச் சேர்கிறது.

கேள்வி: நான் கடை நடத்துகிறேன். என் சரக்கு முழுவதும் வெளியிலிருந்துதான் வருகிறது. என்னால் வட்டாரத்துக்கு நன்மை உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். பெயர்ப்பலகை உள்ளூரில் தொங்குவதால் மட்டும் பணம் உள்ளூரில் தங்கிவிடாது. கடந்த மாதத்துப் பில்களை எடுத்து, உள்ளூரில் கொடுத்தது, வெளியே போனது என்று இரண்டாகப் பிரியுங்கள். சரக்கை மாற்ற வழி இருக்காது. அட்டைப்பெட்டி, பில் புத்தகம் அச்சடிப்பது, வண்டி வாடகை, பழுதுபார்ப்பு, கணக்கு எழுதுபவர் ஆகியவற்றைப் பாருங்கள். பழக்கத்தால் மட்டும் வெளியே போகும் தொகை இரண்டு மூன்றாவது அகப்படும். அங்கிருந்து தொடங்குங்கள். தரம் குறையும் என்றால் மாற்ற வேண்டாம். வாடிக்கையாளரை இழந்தால் சுற்ற வேண்டிய பணமே இருக்காது.

கேள்வி: சிறுதொழில்கள்தான் அதிக வேலை தருகின்றன என்பது உண்மையா?

பதில்: உலக நிறுவனங்களில் சுமார் 90 சதவீதமும், வேலைவாய்ப்பில் பாதிக்கு மேலும் சிறு, நடுத்தரத் தொழில்களுடையவை என்கிறது உலக வங்கி. புதிய வேலைகள் உருவாவது வேறு கதை. ஹால்டிவாங்கர், ஜார்மின், மிராண்டா மூவரும் 2013இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், நிறுவனத்தின் வயதையும் கணக்கில் கொண்டால் அளவுக்கும் வேலை வளர்ச்சிக்கும் சீரான தொடர்பு இல்லை என்று தெரிந்தது. அதிக வேலைகளைச் சேர்ப்பவை இளம் நிறுவனங்கள். அவற்றில் பல சில ஆண்டுகளிலேயே மூடப்படுகின்றன. எனவே உதவி தேவைப்படுவது தொடக்க ஆண்டுகளில்தான் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆனால் சம்பளம் குறைவாயிற்றே?

பதில்: சராசரியாகப் பார்த்தால் ஆம். சிறுதொழிலைப் போற்றுகிறவர்கள் இதை மூடி மறைக்கக் கூடாது.

கேள்வி: நான் உள்ளாட்சி உறுப்பினர். மானியம் கொடுக்க நிதி இல்லை. வேறென்ன செய்யலாம்?

பதில்: மானியத்தை விடுங்கள், நீங்களே பெரிய வாடிக்கையாளர். இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் நகராட்சியும் பிற பொது நிறுவனங்களும் தங்கள் கொள்முதலை உள்ளூர்ப் பக்கம் திருப்பின. 2012-13இல் நகருக்குள் 3.8 கோடி பவுண்டாக இருந்த அவற்றின் செலவு 2016-17இல் 11.1 கோடியானது. பெரிய ஒப்பந்தத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து ஒப்பந்தப்புள்ளி கோருங்கள், விண்ணப்பத்தைச் சுருக்குங்கள். முக்கியமாக, பில்லை நிலுவையில் போடாதீர்கள். மூன்று மாதம் பணம் வராவிட்டால் பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். சிறு தொழில் செய்கிறவர் வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் போடுவார்.