இரவில் குழாயில் ‘டம் டம்’ என்று சத்தம். பிளம்பர் சுவரை உடைக்கச் சொல்கிறார். உடைக்கலாமா?

உடைக்காதீர்கள். உடைத்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

கீழே சம்ப், மாடியில் டேங்க், நடுவில் மோட்டார் என்றிருக்கும் அடுக்குமாடிதான் உங்களுடையதும் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் வேறெப்படி இருக்கப்போகிறது.

எனக்கு நங்கநல்லூரில் இரண்டாவது மாடி. விடியற்காலை ஐந்தரைக்கு பாத்ரூம் சுவரில் சம்மட்டியால் அடித்த மாதிரி ‘டம்’. தொடர்ந்து ஒரு நடுக்கம். மேல் வீட்டு மாமிதான் எதையோ இடிக்கிறார் என்று நினைத்து நேரில் போய்க் கேட்டும்விட்டேன். இன்றுவரை படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பிளம்பர் வந்தார், சுவரில் காதை வைத்தார், “உள்ள லைன் ஆடுதும்மா, மாத்திடலாம்” என்றார். 18,000 ரூபாய், புது சி.பி.வி.சி. பைப். மறுநாள் ஐந்தரைக்கு அதே ‘டம்’.

வாட்ச்மேனிடம் புலம்பியபோது அவர் சாவதானமாகச் சொன்னார்: “நான் மோட்டாரை ஆஃப் பண்றப்ப வர்ற சத்தம்தாம்மா அது. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே.” மத்தியானம் மூன்று முறை போட்டு நிறுத்தச் சொல்லி, டக்டில் (பைப்புகள் ஏறி இறங்கும் சந்து) போகும் பைப்பில் கை வைத்துப் பார்த்தேன். மூன்று முறையும் கையை உதறியது.

மோட்டார் நின்றதும், மேலே ஏறிக்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் மோட்டார் பக்கத்தில் என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் போகவிடும் வால்வு. எங்களுடையதில் உள்தட்டு மடங்காமல் தயங்கி, தண்ணீர் வேகம் பிடித்த பிறகு படாரென்று மூடியிருக்கிறது. இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகும் தண்ணீரைச் சட்டென்று மறித்தால் அழுத்தம் 10 பாருக்கு மேல் எகிறும். 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே 1 பார்தான். போதாததற்கு என் சுவரை ஒட்டிய கிளாம்ப் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி., ரப்பர் கொடுத்து இரண்டு கிளாம்ப், கூலியோடு 2,600 ரூபாய். சத்தம் நின்றது.

உங்களுக்கு இரவில் என்பதால், டேங்க் நிரம்பி மோட்டார் தானாக நிற்கும் நேரமா என்று பாருங்கள். வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும்போது வந்தால், அதற்குத் தண்ணீர் விடும் ‘ஆங்கிள் காக்’ வால்வைக் கொஞ்சம் திருகிக் குறையுங்கள். குழாயைப் பாதி திறந்தால் மட்டும் ‘கீ’ என்று கத்தினால் வாஷர் போயிருக்கும். டேங்க் காலியாகி நிரம்பிய பிறகு புஸ்புஸ் என்றால் காற்று. குழாயைத் திறந்துவிட்டால் போய்விடும்.

இன்ஜினியர்கள் சண்டைக்கு வர வேண்டாம். எல்லாச் சத்தத்துக்கும் என்.ஆர்.வி.தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிளம்பர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்றும் சொல்லவில்லை. அந்த 2,600 ரூபாய் வேலையைச் செய்தவரும் பிளம்பர்தான்.

ஆனால் பொது மோட்டார், பொது பைப். அசோசியேஷன் அந்த 2,600-ஐக்கூடத் தர மறுத்துவிட்டது. “சத்தம் உங்க வீட்டுக்கு மட்டும்தானே கேட்டுது” என்றார் செக்ரட்டரி. லாரித் தண்ணீர்க் காசு மட்டும் வீட்டுக்கு இவ்வளவு என்று சரிசமமாகப் பிரிப்பார்கள். நான் ஒருத்தி. எதிர் வீட்டில் ஆறு பேர், தினமும் கார் கழுவுகிறார்கள்.