பாட்டி வீட்டுக் கதவ டேபிளா மாத்தணுமா? முதல்ல அந்த பச்சை பெயின்ட்ட பாருங்க

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல பாட்டி வீட்ட இடிச்சப்ப ஒரு ரெட்டைக் கதவு கிடைச்சுது, 6 அடி உயரம், தேக்குனு சொல்றாங்க, மேல பச்சை பெயின்ட் நாலஞ்சு கோட் இருக்கு. ஒரு கதவுல ஹாலுக்கு கண்ணாடி ஃப்ரேம், இன்னொண்ணுல சென்டர் டேபிள் பண்ண ஆசை. ரெண்டு வயசு பையன் இருக்கான். பெயின்ட்ட வீட்டுலயே உப்புத்தாள் போட்டு தேய்ச்சு எடுக்கலாமா? பழைய மரம் வாங்கறவர் ஒருத்தர் கதவ எடுத்துக்கிட்டு ரெடி டேபிளாவே தர்றேங்கறார்.

பதில்: தேய்க்காதீங்கம்மா. காஞ்ச உப்புத்தாள் அந்தக் கதவு மேல படவே கூடாது. பழைய பெயின்ட்னாலே ஈயம் இருக்குனு வச்சுக்கோங்க, அதுவும் பச்சை, மஞ்சள்னா நிறத்துக்கே லெட் குரோமேட்ங்கற ஈயப் பொடி போட்டிருப்பாங்க. ஈயச்சொம்புல ரசம் வைக்கிறோமேனு கேக்காதீங்க, அது வெள்ளீயம், இது காரீயம், வேற. தேய்ச்சா மாவு மாதிரி தரையில படியும், பையன் தவழ்ந்து கைய வாயில வைப்பான், அவன் மூளை வளர்ச்சியதான் அது பாதிக்கும். வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 90 பங்கு, தாண்டக்கூடாதுங்கற சட்டமே 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச கதவுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?

எடுத்தே ஆகணும்னா மொட்டை மாடியில, கீழ பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, ஜெல் ரிமூவர் தடவி ஊறவிட்டு, தண்ணி தெளிச்சுக்கிட்டே சுரண்டுங்க. என்95 மாஸ்க் போடணும், கைக்குட்டை கட்டினா பத்தாது. பையன் அன்னிக்கு வீட்டுலயே இருக்க வேணாம். ஊதுவிளக்கு வச்சு எரிச்சு எடுக்கறேன்னு ஆசாரி சொன்னா விடாதீங்க, புகையிலயும் ஈயம் வரும். சுரண்டினத கவர்ல கட்டி தனியா வைங்க. பெயின்ட் டப்பா, மருந்து டப்பா மாதிரி கழிவ வாங்க 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்கணும்னு 2016 திடக்கழிவு விதியிலயே எழுதியாச்சு. நான் ஒரு ஆபீஸ்ல போய் கேட்டதுக்கு இது எங்க டிபார்ட்மென்ட் இல்லனு அனுப்பிட்டாங்க, ரெண்டாவது இடத்துலயும் அதே பதில். எழுதி வச்சா போதுமா, குப்பை வண்டிக்காரர் கையில போற விஷம்தானே அது?

பெயின்ட்ட எடுக்கவே வேண்டாத ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, அத நல்லா கேட்டுக்கோங்க. சில கதவுல தெரு பக்கம் மட்டும் பெயின்ட் அடிச்சு, உள்பக்கம் எண்ணெய் மட்டும் தடவியிருப்பாங்க. நகத்தால கீறிப் பாருங்க, கலர் உரியாம மரம்தான் தெரியுதுன்னா அந்தப் பக்கம் எண்ணெய்தான். அப்போ பெயின்ட்ட தொடாதீங்க, ஈரத்துணியால துடைச்சு, பெயின்ட் பக்கத்த சுவர பாக்க வச்சு, உரியாம இருக்க ரெண்டு கோட் கிளியர் பியூ (நிறமில்லாத பாலியூரிதேன் பூச்சு) அடிச்சு கண்ணாடி ஃப்ரேமா மாட்டிடுங்க. இது சுவர்ல உயரமா மாட்டற ஃப்ரேமுக்கு மட்டும். டேபிளுக்கு ஆகாது, விளிம்ப புள்ள கடிக்கும், அடியில படுத்து சுரண்டும், அதனால டேபிள்னா ரெண்டு பக்கமும் முழுசா எடுத்துதான் ஆகணும்.

ஸ்க்ரூ பித்தளை இல்லனா 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுங்க, நம்ம கடல் காத்துக்கு இரும்பு தாங்காது.

இப்ப அந்த மரக்காரர். "உள்ள கரையான் அரிச்சுட்டு, விறகு விலைதான்"னு ஆரம்பிப்பாங்க, அதே கதவு பாண்டிச்சேரி பக்கம் ஈசிஆர் கடையில செட்டிநாடு ஆண்டிக்னு நிக்கும். ரெடி டேபிள்னு வர்றது பிளைவுட் மேல தேக்கு வினீர், அதாவது மெல்லிசா சீவின தேக்குத் தாள், ஒட்டினதா இருக்கும், ஓரத்துல பாத்தா அடுக்கு தெரியும். விலை பேசறதுக்கு முன்னாடி கணக்கு போட்டுக்கோங்க: நீளம் அடியில, அகலம் இன்ச்ல, கனம் இன்ச்ல பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி. 6 அடி, 15 இன்ச், ஒன்றரை இன்ச் கதவுன்னா 0.94, ரெண்டுக்கும் சேத்து கிட்டத்தட்ட 1.9 கன அடி. நிலையும் இருந்தா தனியா அளங்க. மர வாடியில ஒரு கன அடி பழைய தேக்கு என்ன விலைனு கேட்டுட்டு வந்து அவர்கிட்ட பேசுங்க.

டேபிள் பண்ண கதவ வெளிய விட வேண்டாம், பெயின்ட்ட முழுசா எடுத்தப்புறம் ஆசாரிய வீட்டுக்கு வரவச்சு கண் முன்னாடி அறுக்கச் சொல்லுங்க, கூலி கொஞ்சம் கூடினாலும் பரவால்ல. கதவுல பித்தளைக் குமிழ் இருந்தா இன்னிக்கே எண்ணி போட்டோ எடுத்து வைங்க, மரம் பாக்க வர்றவங்க கை முதல்ல போறது அங்கதான்.