அக்கடா என்று உட்கார முடியாத உடல்

வாசகர் கேள்வி – உளவியல் ஆலோசகர் பதில்

கேள்வி: நான் ஒன்பது ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். எனக்கு ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் (கவனக் குறைபாடு, மிகை இயக்க நிலை) இருப்பது இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, என் 38ஆம் வயதில்தான் உறுதியாயிற்று. நாளொன்றுக்கு ஆறு பேரைப் பார்க்கிறேன். ‘உடம்பு சொல்வதைக் கேளுங்கள், ஓய்வெடுங்கள்’ என்று அவர்களிடம் சொல்கிறேன். என் உடம்போ என்னிடம் எதையும் சொல்வதில்லை. மாலை நான்கு மணிக்குக் கை நடுங்கும்போதுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை படுத்தால் கால்கள் ஓயாமல் ஆடுகின்றன. யோகா வகுப்பில் சவாசனத்தில் கண்ணை மூடினால் காரணமில்லாமல் பயம் வருகிறது. ஊருக்குத்தான் உபதேசமோ என்று கூச்சமாக இருக்கிறது. இந்தத் தொழிலில் தொடர எனக்குத் தகுதி உண்டா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள எதுவும் உங்கள் தகுதியைக் குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கை நடுங்க நடுங்க ஐந்தாவது ஆளின் துயரத்தைக் கேட்பது அவருக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. எனவே தகுதியை விட்டுவிட்டு நடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம்.

பசி, தாகம், இதயத் துடிப்பு, சிறுநீர்ப்பையின் நிறைவு என உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகளை உணரும் திறனை இன்டெரோசெப்ஷன் என்கிறோம். இந்தச் சொல்லின் வேரை 1906இல் வெளியான தம் நூலில் பதித்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன். ஆட்டிசம் உள்ளவர்களிடம் இத்திறன் எப்படி மாறுபடுகிறது என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலருக்குச் செய்தி மிகத் தாமதமாக வருகிறது, சிலருக்குத் தாங்க முடியாத உரத்த குரலில் வருகிறது, ஒரே ஆளுக்கு இரண்டும் நேர்வதும் உண்டு. மனநலக் குறைபாடுகளைக் கண்டறிய அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான, 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 தான் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆட்டிசத்தையும் ஏடிஹெச்டியையும் ஒருவருக்கே சேர்த்துக் கண்டறிய அனுமதித்ததும் அதே பதிப்புதான். நீங்களும் நானும் கல்லூரியில் படித்த காலத்துப் பாடப்புத்தகங்களில் நம்மைப் போன்ற உடல்கள் இடம்பெறாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆம், நம்மைப் போன்ற என்றுதான் எழுதினேன். நானும் ஆட்டிசம் உள்ள ஆலோசகன்தான். அடுத்தடுத்து ஆட்களைப் பார்த்துக்கொண்டு, சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதே உறைக்காமல் பல மாதங்கள் உட்கார்ந்திருந்து, கடைசியில் தொற்று வந்து காய்ச்சலில் படுத்த பிறகுதான், என் உடம்பு சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது என்பதை ஏற்றுக்கொண்டேன். இப்போது என் மேசையில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்குள் அது காலியாகியிருக்க வேண்டும். ஒரு மணிக்குப் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் சாப்பிடுகிறேன். கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுவது உடம்பை மதிக்காத செயல் என்று சிலர் சொல்வார்கள். தாமாகவே பசி தெரிகிற பாக்கியசாலிகள் அவர்கள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நம் தொழிலில் நாள் முழுவதும் உழைப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். காது உழைக்கிறது. எதிரில் இருப்பவர் சொல்வதற்கு ஏற்ப நெகிழ்ந்தும் இறுகியும் முகம் உழைக்கிறது. எவ்வளவு நேரம் கண்ணைப் பார்ப்பது, எப்போது தலையசைப்பது, குரலை எந்த அளவில் வைப்பது என்று ஆட்டிசம் உள்ளவர் உள்ளே ஓயாமல் கணக்குப் போட்டபடி இருக்கிறார். கால்கள் மட்டும் காலையிலிருந்து மாலை வரை நாற்காலியில் கட்டுண்டு சும்மா கிடக்கின்றன. வாரம் முழுவதும் சும்மா கிடந்த கால்களுக்கு விடுமுறை நாளில் மறுபடியும் ‘அசையாதே’ என்ற கட்டளை இட்டால் அவை ஆடாமல் என்ன செய்யும்? உங்கள் காதுக்கு அமைதியும், முகத்துக்கு யாரும் பார்க்காத சில மணி நேரமும், கால்களுக்கு நடையும் தேவைப்படுகின்றன என்பது என் கணிப்பு. வீட்டில் ஊஞ்சல் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களை வைத்துச் செய்யப்பட்டது இல்லையென்றாலும், 2011இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், மெல்ல ஆடும் கட்டிலில் மதியத் தூக்கம் போட்டவர்கள் ஆடாத கட்டிலில் படுத்தபோது தூங்கியதைவிட விரைவாகத் தூங்கிப்போனார்கள்.

சவாசனப் பயமும் புதிதில்லை. தளர்வுப் பயிற்சியே பதற்றத்தைக் கிளப்பிவிடக்கூடும் என்பதை ஹைடு, போர்கோவெக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் 1983இலேயே எழுதியிருக்கிறார்கள். கண்ணை மூடி, அசைவை நிறுத்தி, மங்கலான உள்செய்திகளைத் தேடிப் போகும் பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால், கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்யலாம். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறையில் முதலில் கையை இறுக்குகிறோம், பிறகு விடுகிறோம். மெல்லிய செய்தி எட்டாத உடலுக்கும் இறுக்கத்தின் உரத்த செய்தி பெரும்பாலும் எட்டிவிடுகிறது. நான் சுவரைத் தள்ளுகிறேன், வீட்டில் அரிசி மூட்டையைத் தூக்கி இடம் மாற்றுகிறேன். பார்ப்பவர்களுக்கு அது ஓய்வாகத் தெரியாது.

ஒன்று மட்டும் தவறாமல் செய்யுங்கள். இரும்புச் சத்துக் குறைவினாலும் கால்கள் இப்படி ஓயாமல் துடிக்கலாம்; ஏடிஹெச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்தை எடுத்துக்கொண்டால் அது பசியை மட்டுப்படுத்தும். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு), சர்க்கரை, தைராய்டு ஆகிய பரிசோதனைகளைச் செய்துகொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: ஆலோசனைப் பயிற்சியில் இருக்கும் மாணவி நான், எனக்கு ஆட்டிசம் உண்டு. வருபவர் பேசும்போது என் விரல்கள் தாமாகவே புடவைத் தலைப்பைச் சுருட்டுகின்றன. கையைக் கட்டி, அசையாமல் உட்கார வேண்டும் என்று ஆசிரியர் கண்டிக்கிறார். — ஒரு மாணவி, திருச்சி

பதில்: அசையாமல் இருந்தால்தான் கவனிக்கிறோம் என்று பொருள் என்பது பெரும்பான்மையினரின் உடல் வழக்கு. ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாத குறையை ஆட்டிசம் உள்ளவர் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது, அது இரு தரப்புக்கும் பொதுவானது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார். அவரும் ஆட்டிசம் உள்ளவரே. விரலை அடக்குவதற்குச் செலவாகும் கவனம், கேட்பதற்கான கவனத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அடக்கி அடக்கி வருடக்கணக்கில் ஓடினால் பேச்சும் அன்றாட வேலைகளும்கூடக் கைநழுவிப் போகும் அளவுக்குக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். எனினும் உங்கள் ஆசிரியரின் கவலையிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது: மனம் கலங்கி வந்தவர், தம் பேச்சு உங்களுக்குச் சலிப்பூட்டுகிறது என்று நினைத்துவிடக்கூடும். முதல் சந்திப்பிலேயே, ‘என் கை எதையாவது சுருட்டிக்கொண்டிருக்கும், அப்போதுதான் எனக்கு நன்றாகக் கேட்கும்’ என்று சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில் இதற்காக எழுந்து போனவர் எவரும் இல்லை. ‘அப்படியானால் நானும் காலை ஆட்டிக்கொள்ளலாமா?’ என்று கேட்டவர்கள் உண்டு.

கேள்வி: என் மனைவி மனநல ஆலோசகர், அவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. விடுமுறை நாளில் படுக்கவே மாட்டார். பழைய ரயில்வே கால அட்டவணைகளை விரித்துவைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார். இது ஓய்வா? — ஒரு வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலும் ஓய்வுதான். டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், லாசன் ஆகிய ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரை, ஆட்டிசம் உள்ளவர்களின் கவனம் பல பக்கம் பிரியாமல் ஒரே வாய்க்காலில் பெருகி ஓடும் இயல்புடையது என்கிறது. ஆலோசனை அறையிலோ சொல், தொனி, முகபாவம், கடிகாரம், தம் மனத்தில் எழுவது என்று அந்த நீரை அவர் வாரம் முழுவதும் பல வாய்க்கால்களுக்குப் பிரித்துவிட வேண்டியிருக்கிறது. கால அட்டவணை அவரிடம் எந்த முகபாவத்தையும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் அந்த ஐந்து மணி நேரமும் அவர் தண்ணீர் குடிக்கவோ எழுந்திருக்கவோ மறந்திருப்பார் என்பதால், அருகில் ஒரு செம்புத் தண்ணீரையும் எளிதாக எடுத்துச் சாப்பிடக்கூடிய ஏதாவது ஒன்றையும் வைத்துவிட்டுப் போங்கள். ரயில் எந்த ஊரில் நிற்கிறது என்று மட்டும் இடையில் கேட்காதீர்கள்.